வட்டத்தின் நடுவில் நிற்கப் போகும் புது வாத்தியார்களுக்கு



கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்து ஊர்களில் வள்ளி கும்மி பழகி, அரங்கேற்றமும் முடித்து, இனி அடுத்த ஊருக்குப் பழக்கிவிடப் போகிற எல்லோருக்கும் இந்த மடல். உங்களில் பலர் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிசின் முன்னால் பகலைக் கழிப்பவர்கள். சிலர் சோமனூர், பல்லடம் பக்கம் தறி ஓட்டுகிறவர்கள். மாடு கறந்து சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டு அவசரமாகச் சேலை மாற்றி வருகிறவர்கள் உண்டு. பள்ளிக்கூட ஆசிரியைகள், காலேஜ் படிக்கும் பிள்ளைகள், ஓட்டல் நடத்தும் அண்ணன்மார்களும் உண்டு.

அரங்கேற்றம் முடிந்த இரவு, பக்கத்து ஊரிலிருந்து வேடிக்கை பார்க்க வந்த ஒரு அக்கா உங்கள் கையைப் பிடித்து, "எங்கூருக்கும் வந்து பழக்கி உடு கண்ணு" என்று கேட்டிருப்பார். "எனக்கென்னுங்க தெரியும், எங்க வாத்தியாரைக் கேளுங்க" என்று நீங்கள் நழுவியிருப்பீர்கள். நழுவ வேண்டாம். அந்த ஊருக்குப் போங்கள். போனால் என்ன கிடைக்கும் என்பதையும், போகும்போது ஒரே ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டும் என்பதையும் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஆடும்போது வருகிற சந்தோஷம் வேறு, பழக்கிவிடும்போது வருவது வேறு. ஆடுகிறவருக்குத் தன் காலும் தன் கையும், மிஞ்சிப்போனால் பக்கத்தில் நிற்பவரின் தோளும்தான் கண்ணில் படும். நடுவில் நின்று பாடுகிறவருக்கு மொத்த வட்டமும் தெரியும். முதல் நாள் கைத்தட்டு, சட்டியில் சோளம் பொரிகிற மாதிரி அங்கொன்றும் இங்கொன்றுமாக வெடிக்கும். இரண்டாவது வாரமும் அப்படித்தான் இருக்கும். நமக்கே சலிப்பாக வரும். பிறகு ஒருநாள், யாரும் எதிர்பார்க்காத ஒரு அடியில், நாற்பது ஐம்பது பேரின் கையும் ஒரே தட்டாக விழும். ஆடுகிறவர்களுக்கு அது உடனே தெரியாது. நடுவில் நிற்கும் உங்கள் காதுக்குத்தான் முதலில் விழும். பாட்டு தானாக ஒரு கட்டை மேலே ஏறும். அந்தத் தட்டை ஒருமுறை கேட்டுவிட்டால், அடுத்த ஊர் எது என்று நீங்களே விசாரிக்க ஆரம்பித்துவிடுவீர்கள்.

அதுவரைக்கும் பொறுமை வேண்டும். அடி பிடிபடாதவர் என்று யாருமே கிடையாது. சொல்லும் விதத்தை மாற்றிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். "வலது, இடது" என்று மைக்கில் சொன்னால் பாதிப்பேர் தடுமாறுவார்கள். "சோத்தாங்கைப் பக்கம், பீச்சாங்கைப் பக்கம்" என்றால் சட்டென்று திரும்புவார்கள். "கோயிலைப் பார்த்துத் திரும்புங்க" என்று சொல்லவே சொல்லாதீர்கள். வரிசையாக நிற்கிறவர்களுக்குத்தான் கோயில் ஒரே பக்கம் இருக்கும். வட்டத்தில் ஒவ்வொருவருக்கும் அது ஒவ்வொரு பக்கம். உள்பக்கம், வெளிப்பக்கம் என்று மட்டும் சொல்லிப் பழக்குங்கள், குழப்பமே வராது.

எங்கள் ஊரில் காட்டு வேலைக்குப் போகும் ஒரு அக்கா வந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது. குனிந்து தட்டி, நிமிர்ந்து திரும்பும் அடியில் ஒவ்வொரு முறையும் எதிர்த்திசையில் போய்ப் பக்கத்து ஆளோடு முட்டிக்கொள்வார். "கையொரு பக்கம் போகுதுங்க, காலொரு பக்கம் போகுதுங்க, என்னைய உட்ருங்க" என்று ஓரமாகப் போய் உட்கார்ந்துவிட்டார். அவர் பக்கத்தில் போய், "களை வெட்டறப்ப எந்தக் காலை முன்னால வெப்பீங்க?" என்று கேட்டேன். எழுந்து நின்று காட்டினார். "வெட்டிப் போட்டுட்டு அடுத்த பாத்திக்கு எப்படி நகருவீங்க?" அதையும் செய்தார். இடுப்பை மடக்கி, காலை மாற்றி, பாதி திரும்பி நகர்ந்தார். ஏறக்குறைய நம் அடியேதான். கொத்து இருக்கும் இடத்தில் ஒரு கைத்தட்டு சேர்த்தால் போதும். வட்டத்துக்குள் திரும்பி வந்தார். அரங்கேற்றத்தில் முன்வரிசையில் ஆடினார். இப்போது புதிதாக வரும் பெண்களுக்கு அந்தத் திருப்பத்தை அவர்தான் பழக்குகிறார், என்னைவிட நன்றாகவே.

நகரத்து நடனப் பள்ளிகளில் சுவர் முழுக்கக் கண்ணாடி இருக்கும். ஆடுகிறவர் தன்னையே பார்த்துத் திருத்திக்கொள்வார். நமக்கு அந்த வசதி இல்லை. எதிரில் ஆடுகிறவரைப் பார்த்துத்தான் நம் அடி சரியா தப்பா என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஆகவே யாரை யாருக்கு எதிரில் நிறுத்துகிறீர்கள் என்பது முக்கியம். நன்றாக ஆடுகிறவர்களை எல்லாம் ஒரே பக்கம் சேர்த்து நிறுத்திவிடாதீர்கள். வட்டம் முழுக்கப் பரப்பிவிடுங்கள்.

2024-ஆம் ஆண்டு மேட்டுப்பாளையம் பக்கத்துத் தேக்கம்பட்டி பத்திரப்பன் ஐயாவுக்கு வள்ளி ஒயில் கும்மிக்காகப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். அப்போது அவருக்கு வயது 87. பெரும்பாலும் ஆண்களே ஆடிவந்த ஆட்டத்தை வழக்கத்தை மீறிப் பெண்களுக்கும் பழக்கிவிட்டவர் என்பதை அரசின் அறிவிப்பே எடுத்துச் சொன்னது. எத்தனை மேடை ஏறினார், எத்தனை பரிசு வாங்கினார் என்பதைவிட, யாருக்குப் பழக்கிவிட்டார் என்பதுதான் அவர் பெருமையாக முன்னால் வந்து நின்றது. இன்றைக்கு எந்த ஊர் அரங்கேற்றத்துக்குப் போனாலும் வட்டத்தில் பெண்கள்தான் அதிகம். சிறுமியும் அவள் அம்மாவும் அம்மிச்சியும் ஒரே நிறச் சேலையில் அடுத்தடுத்து ஆடுகிறார்கள். அவரைப் போன்ற வாத்தியார்கள் ஆண்களோடு மட்டும் நிறுத்திக்கொண்டிருந்தால் இந்த மடலை எழுத நானும் இல்லை, படிக்க உங்களில் பாதிப்பேரும் இல்லை.

நம் வீட்டுப் பெண்களுக்குக் கும்மி புதிதல்ல. மார்கழியில் சாணிப் பிள்ளையாருக்குப் பூ வைத்துச் சுற்றி வந்து தட்டியிருக்கிறார்கள். பொங்கலை ஒட்டிய பூப்பறிக்கிற நோம்பிக்குக் கூட்டமாகப் போய்ப் பாடி ஆடியிருக்கிறார்கள். ஊர்க் கோயில் முன்னால், மைக் கட்டி, விளக்குப் போட்டு, இரவெல்லாம் கதை சொல்லி ஆடும் இடம்தான் அவர்களுக்கு வெகுநாள் கிடைக்காமல் இருந்தது.

கிடைத்த பிறகு என்ன நடக்கிறது என்று பாருங்கள். மாலை ஏழு மணிக்குப் புழுதி அடங்கத் தண்ணீர் தெளித்த மைதானம். வெளிச்சத்துக்கு ஒரு ஃபோகஸ் லைட். மழைக்காலமானால் அதைச் சுற்றி ஈசல். அரிசியும் பருப்பும் சோறு ஆக்கி மூடி வைத்துவிட்டு ஒவ்வொருவராக வந்து சேர்வார்கள். கட்டிக்கொடுத்து வந்த நாள் முதல் விளக்கு வைத்த பிறகு வாசல் தாண்டாத பெண்கள் அதில் இருப்பார்கள். மருமகளைத் தேடிக் கோபத்தோடு வந்த மாமியார், பிள்ளையார் பாட்டு முடிகிற வரைக்கும் இடுப்பில் கை வைத்து நின்று பார்த்துவிட்டு, மறுநாள் சீக்கிரமே வந்து இடம் பிடித்த கதை அநேகமாக எல்லா ஊரிலும் உண்டு. வரப்புத் தகராறில் வருசக்கணக்காகப் பேச்சு வார்த்தை இல்லாத இரண்டு வீட்டுப் பெண்கள் பக்கத்துப் பக்கத்தில் நின்று ஆட வேண்டி வரும். தோள் இடிக்கும். "பாத்துத் திரும்புங்க" என்று ஒருத்தர் சொல்வார். பேச்சு அப்படித்தான் தொடங்கும்.

அரங்கேற்றத்துக்குச் சேலை எடுப்பது தனிக் கதை. கிளிப்பச்சையா, மாம்பழ மஞ்சளா என்று வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாரம் ஓடும். இளம்பிள்ளையில் மொத்தமாக எடுத்தால் மலிவு என்பார்கள். பணம் கட்ட முடியாத நாலைந்து பேருக்கு யார் கொடுத்தார்கள் என்று சொல்லாமலே சேலை வந்துவிடும். இதையெல்லாம் வாத்தியார் தலையில் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை, ஊரே பார்த்துக்கொள்ளும். நீங்கள் பாட்டை மட்டும் பாருங்கள்.

பாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அடியை மட்டும் பழக்கிவிட்டுக் கதையை விட்டுவிடும் வழக்கம் பரவி வருகிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. வள்ளி வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் கிடைத்தவள், வேடர் தலைவன் நம்பிராசன் வீட்டில் வளர்ந்தவள், தினைப்புனத்தில் பரண் மேல் நின்று ஆலோலம் பாடிக் கிளி விரட்டியவள். முருகன் வேடனாக வருகிறான். நம்பி வருவது தெரிந்ததும் வேங்கை மரமாகி நிற்கிறான். பிறகு கிழவனாகி வந்து தேனும் தினைமாவும் கேட்கிறான். அண்ணன் பிள்ளையார் ஆனையாக வந்து மிரட்டினால்தான் அவள் ஓடி வந்து இவனைக் கட்டிக்கொள்கிறாள். கச்சியப்பர் கந்தபுராணத்தைக் கொண்டுபோய் முடிப்பதே இந்தக் கல்யாணத்தில்தான். ஆடுகிற பிள்ளைகளுக்கு இது தெரிந்திருந்தால் கிளி விரட்டும் அடியில் கை தானாக மேலே போகும். தெரியாவிட்டால் அது வெறும் உடற்பயிற்சிதான்.

இன்றைய பிள்ளைகளில் பலர் தினையைப் பார்த்ததே இல்லை. ஒரு பிடி வாங்கிக்கொண்டு போய் அவர்கள் கையில் கொட்டிக் காட்டுங்கள். எங்கள் வட்டத்தில் ஒடிசாவிலிருந்து மில் வேலைக்கு வந்த குடும்பத்துப் பெண் பிள்ளை ஒன்று ஆடுகிறது. அவளுக்குத் தமிழ் பள்ளியில் வந்ததைவிட இந்தப் பாட்டில்தான் வேகமாக வந்தது. தினையைக் கையில் வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, தன் பாட்டி ஊரில் இதே மாதிரி ஒன்று விளையும் என்றாள். அதன் பேரைச் சொல்லித் தந்தாள். வட்டத்தில் இருந்த பிள்ளைகள் எல்லாம் அந்தப் பேரைத் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தார்கள்.

அரசுப் பள்ளிகளில் 2022 முதல் கலைத் திருவிழா நடக்கிறது. அதற்குக் கும்மி பழக்கச் சொல்லி உங்களைக் கூப்பிடுவார்கள். போட்டிக்கு இத்தனை நிமிடம்தான் என்று கணக்குச் சொல்வார்கள். அந்த நிமிடத்துக்குள் கிளி விரட்டுவதை மட்டும் எடுத்துக்கொண்டு உருப்படியாகப் பழக்குங்கள். மொத்தக் கதையையும் நறுக்கித் திணிக்க வேண்டாம். சரவணம்பட்டி, காளப்பட்டிப் பக்கத்து அடுக்குமாடிகளிலிருந்தும் இனி அழைப்பு வரும். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தே முதுகு போனவர்கள் கூட்டமாக ஆட ஏங்குகிறார்கள். அங்கே தரை முழுக்கக் கான்கிரீட், குதிகால் வலிக்கும். மண் தரையில் ஆடும் வேகத்தை அங்கே வைக்காதீர்கள். அவர்களை ஒருநாளாவது ஊருக்குக் கூட்டி வந்து மண்ணில் ஆடவிடுங்கள்.

பெரிய கூட்டங்களைப் பற்றியும் என் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். 2024-இல் பெருந்துறையில் பல்லாயிரம் பெண்கள் ஒரே இடத்தில் கும்மி ஆடினார்கள். பார்க்கவே மலைப்பாக இருந்தது. போய் வந்தவர்கள் இன்னும் அதைத்தான் பேசுகிறார்கள். நல்லதுதான். ஆனால் அவ்வளவு பெரிய கூட்டத்தில் பின்னால் நிற்பவர் அடி தவறினால் வாத்தியாருக்குத் தெரியாது. நம் வேலை ஊர் மைதானத்தில்தான் நடக்கிறது. இன்னொரு ஆட்டத்தையும் பாருங்கள். குஜராத்தின் கர்பாவை 2023-இல் யுனெஸ்கோ தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அதுவும் நம்மைப் போல வட்டமாகச் சுற்றிக் கைதட்டி ஆடுவதுதான், அம்மனுக்காக ஆடுவது. அங்கே பெரிய நகரங்களில் சீட்டு வாங்கினால்தான் உள்ளே விடும் கர்பா மைதானங்கள் வந்துவிட்டன. நமக்கும் பேரும் பட்டமும் வரட்டும். மைதானத்துக்கு மட்டும் கதவு வரக் கூடாது.

கண்டிப்பாக இருக்க வேண்டிய விஷயம் என்று சொன்னேனே, அது இதுதான். யாருக்கு உள்ளே இடம்?

அண்மை ஆண்டுகளில், கும்மி ஆட வந்த பெண் பிள்ளைகளிடம் சொந்தச் சாதியிலேயே கல்யாணம் செய்வோம் என்று உறுதி வாங்கும் காணொளி பரவியதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. வேடர் குடியில் வளர்ந்த பெண்ணைத் தேடி வந்து, வேடம் போட்டுக் கெஞ்சி, அவள் வீட்டுக்குத் தெரியாமல் கூட்டிப்போய்க் கட்டிக்கொண்ட சாமியின் கதையைப் பாடிவிட்டு, அதே மைக்கில் அதே பிள்ளைகளிடம் இப்படி ஒரு வாக்கு எப்படிக் கேட்க முடியும்? 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையத்துக்கு அருகில், சாதி மாறிக் கல்யாணம் செய்ததற்காகச் சங்கர் என்ற இளைஞரைப் பட்டப்பகலில் வெட்டிக் கொன்ற மண் இது. கூட ஆடும் பிள்ளை நாளைக்கு யாரை விரும்புவாள் என்பது நம் பாடத்தில் இல்லை. யாராவது பெரிய மனிதர் வந்து அரங்கேற்ற மேடையில் அப்படி வாக்கு வாங்க எழுந்தால், அடுத்த பாட்டைத் தொடங்கிவிடுங்கள். மைக் உங்கள் கையில்தான் இருக்கும்.

வாக்கு வாங்காமலும் வட்டத்தைச் சாத்தலாம், அதுதான் அதிகம் நடக்கிறது. ஒரு ஊருக்குப் பழக்கப் போனால் முதல் கேள்வியாக இடம் எது என்று கேளுங்கள். குறிப்பிட்ட கோயிலின் முன்வாசல் என்றால், காலனிப் பிள்ளைகள் அங்கே வந்து ஆடுவார்களா என்று அடுத்துக் கேளுங்கள். "அவங்க வரமாட்டாங்க" என்று பதில் வரும். வரமாட்டார்களா, வரவிடமாட்டீர்களா என்று சண்டை போட வேண்டியதில்லை. "பள்ளிக்கூட மைதானத்துல வெச்சுக்கலாமுங்க, இடமும் பெருசு" என்று சொல்லுங்கள். பிறகு காலனிக்கு நீங்களே நடந்து போய் வீடு வீடாகக் கூப்பிடுங்கள். அடுத்தவரை அனுப்பினால் வரமாட்டார்கள். வாத்தியார் வந்து கூப்பிட்டால் வருவார்கள். நான் இப்படித்தான் செய்கிறேன். முதலில் இரண்டு ஊரில் கொஞ்சம் முணுமுணுத்தார்கள். பிள்ளைகள் ஆடத் தொடங்கிய பிறகு, யார் எந்தத் தெரு என்று பார்க்க யாருக்கும் நேரமில்லை. ஒரு ஊரில் மட்டும் முடியாது என்று தீர்மானமாகச் சொன்னார்கள். அங்கே பழக்காமல் திரும்பி வந்தேன். அந்த ஊர்ப் பெண்கள் நாலு பேர் பிறகு பஸ் ஏறி எங்கள் மைதானத்துக்கு வந்து பழகிப் போனார்கள்.

பணத்தைப் பற்றிக் கூச்சப்படாமல் பேசிவிடுங்கள். போக வரப் பெட்ரோல், மைக் செட், விளக்கு எல்லாவற்றுக்கும் காசு ஆகும். ஆளுக்கு இவ்வளவு என்று முதல் நாளே சொல்லிவிட்டால் பின்னால் மனக்கசப்பு வராது. கட்ட முடியாதவரிடம் கேட்காதீர்கள். அரங்கேற்றத்தன்று தாம்பூலத்தில் வைத்துத் தருவதைச் சந்தோஷமாக வாங்கிக்கொள்ளுங்கள், அது அவர்கள் மரியாதை. தொண்டையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு மணி நேரம் தொடர்ந்து நீங்களே பாடாதீர்கள். குரல் நன்றாக இருக்கும் இரண்டு பேரை வட்டத்திலிருந்து எடுத்துப் பாடவிடுங்கள். அவர்கள்தான் உங்களுக்கு அடுத்த வாத்தியார்கள். அவர்கள் பாடும்போது நீங்கள் போய் வட்டத்தில் நின்று ஆடுங்கள்.

தைப்பூசத்துக்கு அரங்கேற்றம் வைக்க நினைக்கிறவர்கள் கார்த்திகையிலேயே தொடங்கிவிடுவது நல்லது. மழைக்கு நாலைந்து நாள் விட்டுப்போகும், மார்கழிக் குளிரில் வயதானவர்கள் கொஞ்சம் பின்வாங்குவார்கள். பங்குனி உத்திரத்துக்கு என்றால் பொங்கல் கழித்து ஆரம்பித்தாலும் போதும். அப்போது வெள்ளாமை வேலையும் குறைந்திருக்கும்.

பாட்டு நோட்டு வேண்டுகிறவர்களுக்காக நகல் எடுத்து வைத்திருக்கிறேன். பிள்ளையார் பாட்டில் தொடங்கிக் கல்யாணம் வரைக்கும் வரிசையாக இருக்கிறது, எந்தப் பாட்டுக்கு எந்த அடி என்று ஓரத்தில் குறித்தும் வைத்திருக்கிறேன். எங்கள் ஸ்பீக்கர் பெட்டி வாரத்தில் பாதி நாள் சும்மாதான் இருக்கிறது. முதல் மாதத்துக்கு எடுத்துப் போங்கள், வாராவாரம் வெள்ளிக்கிழமைக்குள் திருப்பித் தந்தால் போதும். ஆரம்ப நாட்களில் கூட நிற்க ஆள் வேண்டுமானால் சொல்லியனுப்புங்கள், களை வெட்டும் அக்காவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். திருப்பத்தை அவரே பழக்கிவிடுவார்.

அன்புடன்,
உங்களோடு ஆடும் ஒரு அக்கா